ராப்பர் பிராடிஜி 2017-லேயே இறந்துவிட்டார். அப்படியிருக்க 2025-ல் அவருடைய ராப் குழுவான மாப் டீப்பின் புது ஆல்பம் எப்படி?

‘இன்ஃபினிட்’ ஆல்பத்தைத்தான் கேட்கிறீர்கள். அதில் வருவது பிராடிஜி உயிரோடு இருந்தபோது பதிவுசெய்து, வெளிவராமல் கிடந்த குரல். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த இந்த இருவர் குழுவில் மிஞ்சியிருக்கும் ஹாவக், தயாரிப்பாளர் ஆல்கெமிஸ்டுடன் சேர்ந்து அதற்கு இசையமைத்தார்.

வழக்கமாக பீட், அதாவது ராப்புக்கான பின்னணி இசை, முதலில் வரும். ராப்பர் அதைக் கேட்டு எழுதுவார். இங்கே எல்லாம் தலைகீழ். வரிகளை மாற்ற முடியாது, ‘இன்னொரு டேக்’ கேட்கவும் ஆள் இல்லை. பிராடிஜி எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்று பார்த்து டிரம்ஸை அதற்குப் பொருத்த வேண்டும். வேகம் கொஞ்சம் பிசகினாலும் குரல் தனியாக, ஒட்டவைத்த மாதிரி கேட்கும்.

ஆல்கெமிஸ்ட் ஏன்? 1999-ல் வந்த மாப் டீப் ஆல்பமான ‘மர்டா மியூசிக்’ காலத்திலிருந்தே இவர்கள் கூட இருப்பவர். பிராடிஜியோடு தனியாகவும் ஆல்பங்கள் செய்திருக்கிறார். அந்தக் கரகரத்த, அலட்டிக்கொள்ளாத குரலுக்கு எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. புதிய ஆள் யாராவது செய்திருந்தால் இசையைக் கொட்டி நிரப்பியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல்முறை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்புறம் இதே குழுவின் 1995 ஆல்பமான ‘தி இன்ஃபேமஸ்’ பக்கம் போகலாம்.