ப்ரொஃபைல் பார்த்து மருமக தேடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்குப் பொண்ணு பார்க்கிறோம். ஒரு இடத்துல ஜாதகம், குடும்பம் எல்லாம் ஒத்து வந்துச்சு, நேர்ல பேசினப்போ எனக்கும் பொண்ணை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா என் நாத்தனார் மகன் அந்தப் பொண்ணோட இன்ஸ்டாகிராமைத் தேடி எடுத்து, ரீல்ஸ்ல ஆடுறா, பசங்க தோள்ல கை போட்டு நிக்கிறா, இந்த சம்பந்தம் வேண்டாம்னு வீட்டையே கலைச்சு விட்டுட்டான். என்ன பண்றது?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: நேர்ல பேசினப்போ பிடிச்சுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்கம்மா, அதை விட்டுடாதீங்க. ப்ரொஃபைல் எல்லாமே பொய்னு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கா, ஜெர்மனியைச் சேர்ந்த 236 இளவயசுக்காரங்களோட ப்ரொஃபைலை முன்பின் தெரியாதவங்ககிட்ட காட்டி, இவங்க எப்படிப்பட்ட ஆளுன்னு கணிக்கச் சொன்ன ஆய்வு ஒண்ணு 2010ல வந்துச்சு. கலகலப்பானவங்களா, புதுசு புதுசா தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்களான்னு ஓரளவு சரியாவே கணிச்சாங்க, ஆனா மனசு நிதானமானவங்களா, சட்டுனு கலங்கிப்போறவங்களாங்கிறதைத்தான் சரியா பிடிக்க முடியல. உங்களுக்குத் தெரிய வேண்டியதே அதுதானேம்மா? வீட்ல ஒருத்தர் படுத்துட்டா இந்தப் பொண்ணு எப்படி நடந்துக்கும், கோவம் வந்தா எத்தனை நாள் பேசாம இருக்கும், உங்க பையனுக்கு வேலை போச்சுன்னா கூட நிக்குமா, இதெல்லாம் எந்த ரீல்ஸ்லயும் வராது.

அந்த போட்டோவுல இருந்து தெரியுறது, பொண்ணுக்கு ஆடப் பிடிக்கும், கூடப் படிச்சவங்களோட நல்லா பழகியிருக்கா, அவ்ளோதான். அதுவும் வேற யாரோ போட்டு டேக் பண்ண போட்டோவா இருந்தாக்கூட அவ ப்ரொஃபைல்லதான் வந்து நிக்கும்.

எனக்கு கோவம் வர்ற இடம் வேற. உங்க பையனோட அக்கவுண்டை இப்படி யாராவது தோண்டினாங்களா? பசங்க நடிகருக்காக கமெண்ட்ல அம்மாவை இழுத்து திட்டுறது, ராத்திரி பைக் ரேஸ் வீடியோ போடுறது எதுவும் சம்பந்தம் பேசுறப்போ கணக்குல வராது. பொண்ணு போட்டோ போட்டா அடக்கமில்லைன்றாங்க, அக்கவுண்டை பிரைவேட்ல வச்சா எதையோ மறைக்கிறான்றாங்க, போட்டோவைத் திருடி மார்ஃப் பண்ணிடுவாங்கன்னு பயந்து டிபியில ஒரு ரோஜாப்பூவை வச்சா ஃபேக் ஐடின்றாங்க, அப்புறம் அந்தப் பிள்ளை என்னதான்மா பண்ணும்?

ஒண்ணை மட்டும் பாருங்கன்னு சொல்வேன். சாதிப் பெருமை பேசி இன்னொருத்தரை கேவலமா எழுதியிருந்தா, யாரையாவது மிரட்டியிருந்தா, அது ஒரு மனுஷர் மேல செஞ்ச காரியம், அதுக்காக வேண்டாம்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன், பையனா இருந்தாலும் அதேதான். மத்தபடி ரெண்டு பேரையும் கொஞ்ச நாள் பேசிப் பழக விடுங்க, அந்தப் பொண்ணுக்கு உங்க பையனைப் பிடிச்சிருக்கான்னும் கேளுங்க, முடிவை அவங்க ரெண்டு பேரும் சொல்லட்டும். நாத்தனார் மகன்கிட்ட அக்கறைக்கு நன்றிப்பா, நாங்க பார்த்துக்கிறோம்னு சொல்லிடுங்க.

கேள்வி: சின்னதா ஒரு கம்பெனி நடத்துறேன். ஆள் எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க ஃபேஸ்புக்கைப் பார்க்கிறது தப்பா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பார்க்காம இருக்கிறது உங்களுக்கே நல்லது சார். அமெரிக்காவுல 4,000க்கும் மேல கம்பெனிகளுக்கு ஒரே தகுதி உள்ள ரெஸ்யூமேயை அனுப்பி, ஆன்லைன் ப்ரொஃபைல்ல இருக்கிற விவரத்தை மட்டும் மாத்தி சோதனை பண்ணாங்க. குடியரசுக் கட்சி செல்வாக்கு உள்ள பகுதிகள்ல, முஸ்லிம்னு தெரிஞ்சவருக்கு வந்த இன்டர்வியூ அழைப்பு கிறிஸ்தவரை விடக் குறைவு. வேலைக்கு சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம் கண்ணுல பட்டுட்டா, நம்மள அறியாம அது முடிவுல புகுந்துடும். அதுக்கு பதிலா அரைநாள் உட்கார வச்சு, உங்க ஆபீஸ்ல நிஜமா நடக்கிற வேலையில ஒண்ணைக் கொடுத்துப் பாருங்க, அந்த நேரத்துக்கு காசும் கொடுத்துடுங்க.

கேள்வி: மேல்படிப்புக்கு அமெரிக்கா விசா அப்ளை பண்ணப்போறேன். பழைய அக்கவுண்டையெல்லாம் டெலிட் பண்ணிடவா?
– மாணவி, திருச்சி

பதில்: டெலிட் பண்ணிட்டா விசா ஃபார்ம்ல அதை எழுத வேண்டாம்னு நினைச்சுடாதம்மா. போன 5 வருஷத்துல யூஸ் பண்ண ஐடிகளை 2019ல இருந்தே டிஎஸ்-160ங்கிற அந்த விசா ஃபார்ம்ல கேட்கிறாங்க, விட்டுட்டா மறைச்சதா ஆகிடும். 2025 ஜூன்ல இருந்து மாணவர் விசாவுக்கு அப்ளை பண்றவங்க ப்ரொஃபைலை பப்ளிக்ல வைக்கவும் சொல்லியிருக்காங்க. அதனால போன்நம்பர், வீட்டு அட்ரஸ் மாதிரி எதுவும் போஸ்ட்ல இருந்தா அதை எடுத்துட்டு பப்ளிக் பண்ணு, ஃபார்ம்ல உள்ளதை உள்ளபடி எழுது.