பெட்டியில் 1828 என்று இருந்தால் குப்பிக்கும் அந்த வயதா?

கேள்வி: எங்கள் மாமி 1987இல் பாரிஸுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டு அம்மா அவருக்கு கெர்லான் கம்பெனியின் 'ஷாலிமார்' சென்ட் குப்பி ஒன்று கொடுத்திருக்கிறார். பெட்டியோடு அலமாரியிலேயே கிடந்தது. முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. நிறம் மட்டும் தேயிலைச் சாயம் போல் ஆகிவிட்டது. பெட்டியில் 1828 என்று போட்டிருக்கிறது. பழம்பொருள் வாங்கும் ஒருவர், "இது 1925ஆம் ஆண்டின் அசல். ஷாஜகான் மும்தாஜுக்குக் கட்டிய தோட்டத்தின் பெயர். கம்பெனியே இப்போது இல்லை. மூவாயிரம் யூரோவுக்குக் குறையாது. சான்றிதழுக்கு 150 யூரோ கட்டிவிட்டுக் குப்பியை என்னிடம் விடுங்கள்" என்கிறார். நம்பலாமா? இல்லை, மகள் கல்யாணத்துக்குப் பூசிக்கொள்ளலாமா?
வாசகி, லா கூர்நெவ்

பதில்: 150 யூரோவையும் கொடுக்காதீர்கள், குப்பியையும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

1828 என்பது கடை தொடங்கிய வருடம். பியர்-பிரான்சுவா-பஸ்கால் கெர்லான் என்பவர் பாரிஸின் ரிவோலி தெருவில் கடை போட்டது அப்போதுதான். 1925 என்பது ஷாலிமார் வெளிவந்த வருடம். அந்த வருடம் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில்தான் ஊர் அதைப் பார்த்தது. இரண்டுமே உங்கள் குப்பியின் பிறந்த தேதி அல்ல. நேற்று கடையில் வாங்கிய கெர்லான் பெட்டியிலும் 1828 இருக்கலாம். இந்த ஒரு குழப்பத்தை வைத்தே பல தரகர்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.

கம்பெனி மூடியாச்சு என்பது சுத்தப் பொய். 1994இல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் வாங்கியது, அவ்வளவுதான். அதுவரை குடும்பத்தின் கையில் இருந்தது. தலைமுறைக்கு ஒருவர் மூக்கைப் பிழைப்பாக்கிக்கொண்டு வாசனை கலந்தார்கள். நிறுவனர் 1853இல் மூன்றாம் நெப்போலியனின் ராணி யூஜெனிக்காக ஒரு கொலோன் செய்தார். தேனீ பதித்த அந்தக் குப்பி இன்றும் விற்பனையில் இருக்கிறது. மகன் எமே 1889இல் 'ஜிக்கி' செய்தார் (நம் பாடகி ஜிக்கி இல்லை). அதில் ஆய்வுக்கூடத்தில் செய்த வனிலின், கூமரின் என்ற வாசனைப் பொருள்களைக் கலந்தார், அன்றைக்கு அது பெரிய துணிச்சல். எமேயின் தம்பி மகன் ஜாக் கெர்லான் செய்ததுதான் ஷாலிமார். ஷாம்ப்ஸ் எலிசே 68ஆம் எண் கடை 1914இல் திறந்தது, இன்றும் திறந்திருக்கிறது. ஒருநாள் மெட்ரோ பிடித்துப் போய் ஷாலிமார் முகர்ந்து பாருங்கள். முகர்வதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

ஷாஜகான் கதைக்கும் ஒரு வார்த்தை. மும்தாஜ் இறந்தது 1631இல். ஷாஜகானின் லாகூர் ஷாலிமார் தோட்ட வேலை தொடங்கியதே 1641இல். காஷ்மீர் ஷாலிமாரோ அவர் அப்பா ஜஹாங்கீர் போட்டது. விளம்பரக்காரர்களுக்குக் காதல் வேண்டும், வருடம் வேண்டாம்.

சரி, உங்கள் குப்பிக்கு என்ன வயது? பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பார்கோடு இருக்கிறதா? ஐரோப்பாவில் அது 1970களின் கடைசியில்தான் வந்தது. முகவரியில் 75008 என்று அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. உட்பொருள் பட்டியலே இல்லையென்றால் 1990களின் கடைசிக்கு முந்தையது. லினலூல், லிமோனீன் என்று வாசனைப் பொருள்களின் பெயர் நீளமாக ஓடினால் 2005க்குப் பிந்தையது. மாமிக்குக் கிடைத்த காலத்தை வைத்துப் பார்த்தால், பார்கோடு இருக்கும், பட்டியல் இருக்காது. அப்படியானால் அது 1980களின் சரக்கு. மூவாயிரத்தை மறந்துவிடுங்கள்.

இவ்வளவு துப்பறியும் வேலை எதற்கு, தயாரித்த தேதியைப் போட்டுத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் முப்பது வருடமாகக் கேட்கிறேன். ஒரு யூரோ தயிர் டப்பாவில் தேதி உண்டு. நூறு யூரோ சென்டில் கிடையாது. முப்பது மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்குத் தேதி வேண்டாம், திறந்த டப்பா படம் போட்டு '36எம்' (திறந்த பின் 36 மாதம்) என்று எழுதினால் போதும் என்பது ஐரோப்பியச் சட்டம். அதற்குப் பக்கத்தில் ஒரு தொகுதி எண் இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்தது பெரும்பாலும் தயாரித்தவனுக்கு மட்டும். தரகன் நுழைகிற சந்து இதுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வௌவால் இறக்கை போல் விரிந்த, நீலக் கண்ணாடி மூடி போட்ட குப்பியா உங்களுடையது? தெளிப்பான் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மூடி என்றால், கைபேசி டார்ச்சை அடித்துக் குப்பியின் அடியைப் பாருங்கள். பக்கரா (பிரான்சின் பேர்போன படிகக் கண்ணாடி நிறுவனம்) என்ற முத்திரை மங்கலாக அரித்தது போல் தெரிந்தால் அது பக்கரா படிகக் கண்ணாடி. மூடியின் தண்டிலும் குப்பியிலும் ஒரே எண் கீறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்கென்று தேய்த்துப் பொருத்தி எண் போடுவது பழைய வழக்கம். எண் மாறியிருந்தால் எவனோ வேறு மூடியை மாட்டியிருக்கிறான். முத்திரை இருப்பதால் மட்டும் அது 1925 ஆகிவிடாது, ஏனென்றால் பக்கரா அதைப் பல வருடம் செய்துகொண்டிருந்தது. முத்திரை இல்லாததால் போலி ஆகிவிடவும் செய்யாது, அதே வடிவத்தை வேறு கண்ணாடிக்காரர்களும் செய்தார்கள். முத்திரை இருந்து, எண் ஒத்து, கழுத்தில் மெல்லிய தோலைப் போர்த்தி நூல் சுற்றிய கட்டும் அவிழாமல் இருந்தால்தான் விலை ஏறும். உங்களுடையது முக்கால் குப்பி என்கிறீர்கள். கட்டு எப்போதோ போய்விட்டது.

இந்தக் கட்டில் நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சந்தையில் "திறக்காதது" என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுற்றியிருந்தது தையல் நூல், உள்ளே தேயிலைத் தண்ணீரும் கொஞ்சம் மலிவு சென்டும். அதனால்தான் சொல்கிறேன், காலிக் குப்பியைக்கூட பெட்டியோடு விற்காதீர்கள். அது போலிக்காரன் நிரப்புவதற்குத்தான் போகும். பழைய சென்ட், பழைய கம்பளிக் கோட்டு வாங்குகிறோம் என்று வீட்டுக்கே வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர்கள் கண் அலமாரியில் இருக்கும் நகைமேல். சான்றிதழ் என்று ஒன்றும் கிடையாது. நிஜமாகவே விலை தெரிய வேண்டுமென்றால் ஏலம் நடத்தும் கொமிசேர்-பிரிசருக்கு நாலு படம் அனுப்புங்கள், பெரும்பாலும் இலவசமாகவே சொல்வார்கள். பாரிஸில் சென்ட் குப்பிகளுக்கென்றே தனி ஏலம் நடப்பதுண்டு.

இனி கல்யாணம். நிறம் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வனிலின் வயதானால் அப்படித்தான் ஆகும். ஒரு காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் நகப்பூச்சு வாடை அடிக்கலாம், முதலில் கெடுவது மேலே நிற்கிற எலுமிச்சை வாசனைதான். கால் மணி நேரம் கழித்து முகருங்கள். வனிலாவும் புகையும் கலந்த இனிப்பு வந்தால் நல்லது. புளித்த எண்ணெய் வாடை வந்தால் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மகளின் கழுத்தில், கையில் பூசாதீர்கள். ஷாலிமாரில் பெர்கமோட் எண்ணெய் தாராளம், அது எலுமிச்சை இனப் பழத்தின் தோலில் எடுப்பது. பழைய எண்ணெய்களில் வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைக்கும் பொருள் இருந்திருக்கலாம். அந்தத் திட்டு மாதக்கணக்கில் போகாது. பட்டுச் சேலையிலும் வேண்டாம், பழுப்புக் கறை விழும். ஒரு பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, கைக்குட்டைக்குள் மடித்து, கைப்பைக்குள் வைத்தால் போதும். பையைத் திறக்கும்போதெல்லாம் வரும்.