42 ஆட்டங்கள்

அன்புள்ள ஐயா,

1947-இல் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பற்றிய கட்டுரையில், அவருக்கு முன்பே 1884-இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் ஆடியிருக்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். மொத்தமே 42 ஆட்டங்கள். இதை வைத்து ஒருவரைக் கொண்டாட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வரியோடு விட்டது என் தவறுதான். 42 என்பதும் சரியான கணக்குதான். ஆனால் அந்த ஆட்டங்களை அவர் எப்படி ஆடினார் என்று பாருங்கள்.

வாக்கர் டொலீடோ அணியின் கேட்சர். விக்கெட் கீப்பர் மாதிரி, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் நிற்பவர். திண்டு வைத்த பெரிய கையுறையெல்லாம் அப்போது கிடையாது. வெறுங்கை, மிஞ்சிப்போனால் மெல்லிய தோலுறை. அடுத்து எப்படிப்பட்ட பந்து வரவேண்டும் என்று கேட்சர் சைகை காட்ட, பிட்சர் அதன்படி எறிவார். கேட்சரின் விரல்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அணியின் முக்கிய பிட்சரான டோனி முல்லேன் வாக்கரின் சைகையைப் பார்க்கவே மாட்டார். கறுப்பினத்தவர் என்றால் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம். வேகமாக வருமா, வளைந்து வருமா என்று தெரியாமலே வாக்கர் பிடித்துக்கொண்டிருந்தார். பல வருடங்கள் கழித்து இதைச் சொன்னவர் முல்லேனேதான். தன்னோடு ஆடியவர்களில் சிறந்த கேட்சர் வாக்கர் என்றும் கூடவே சொன்னார். இரண்டையும் ஒரு மனிதரால் எப்படிச் சேர்த்துச் சொல்ல முடிந்தது என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

முந்தைய ஆண்டு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1883 ஆகஸ்டில் சிகாகோ அணி டொலீடோவுக்கு வந்தது. வாக்கர் இறங்கினால் ஆடமாட்டோம் என்றார் அதன் கேப்டன் கேப் ஆன்சன். அன்று வாக்கருக்குக் கையில் காயம். உட்கார வைப்பதாகத்தான் இருந்தார்கள். ஆன்சன் பேசியதைக் கேட்டதும் டொலீடோ மேலாளர் சார்லி மார்ட்டன் வேண்டுமென்றே அவரைக் களத்தில் இறக்கினார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் சிகாகோ ஆடியது.

1884-இல் வாக்கருக்கு விலா எலும்பு முறிந்தது. சீசன் முடியுமுன்பே அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அப்புறம் சிறிய லீக்குகள். 1887 ஜூலை 14 அன்று, அவற்றில் ஒன்றான இன்டர்நேஷனல் லீக், கறுப்பின வீரர்களை இனிப் புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த வாக்கர் 1889 வரை தாக்குப்பிடித்தார். அந்த லீக்கில் அதற்குப் பிறகு ஒரு கறுப்பின வீரர் களம் இறங்கியது 1946-இல், மாண்ட்ரியல் அணிக்காக. அவர்தான் ஜாக்கி ராபின்சன்.