கடை கைமாறிவிட்டது, வாரண்டியை யாரிடம் கேட்பது?

சேலம் சுற்றுவட்டாரத்தில் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. தெரிந்தவர்களுக்கு நுகர்வோர் மனு எழுதிக் கொடுத்துப் பல வருஷப் பழக்கம்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினோம் ஐயா, 3 வருஷ வாரண்டி. இப்போது கடையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். போர்டில் அதே பெயர்தான். "அது பழைய ஓனர் விற்றது" என்கிறார். (அம்மாபேட்டை)

போர்டை விடுங்கள் அம்மா, பழைய பில்லை எடுங்கள். அதில் 33 என்று தொடங்கும் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும். மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்து, உங்களுக்கு விற்றவரின் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது எழுத்து 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' என்றால் பங்குதாரர் நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. அதே கடையில் ஒரு கேன் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, புது பில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பத்து எழுத்தும் ஒன்றாக இருந்தால் சட்டப்படி கடை கைமாறவே இல்லை, உட்கார்ந்திருக்கும் ஆள்தான் வேறு. எழுத்து மாறியிருந்தால் பழைய ஓனரின் பொறுப்பு அவரோடுதான் இருக்கிறது. தனி ஆள் நடத்திய கடைக்கென்று தனியாக உயிர் கிடையாது, கடையை விற்றாலும் அவர் சொன்ன வாக்கு அவரைத் தொடரும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அவருடைய சட்டப் பெயர் வரும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த அலைச்சலே தேவைப்படாமல் போகலாம். வாரண்டி அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலும் தயாரித்த கம்பெனிதான் வாரண்டி தரும். அப்படியானால் சீரியல் எண்ணோடும் பில்லோடும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். எழுத்தில் கொடுத்த வாரண்டிப்படி பொருள் இல்லாவிட்டால் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. டீலர் கடையை விற்றுவிட்டார் என்பது அவர்களுக்குச் சாக்கு ஆகாது.

ஏற்காட்டில் 3 ஏக்கர் காபி வைத்திருக்கிறேன் அண்ணா. ஒரு பட்டறையில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின் செய்து வாங்கினேன், ஒரு வருஷ வாரண்டி எழுதிக் கொடுத்தார்கள். பறிப்பு நேரத்தில் நின்றுவிட்டது. பங்குதாரரில் ஒருவர் விலகி, புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். "எனக்குத் தெரியாது, இது வியாபாரத்துக்கு வாங்கிய மெஷின், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார்.

பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்காவிட்டால் புளித்துப் போகும் என்பது மெஷின் செய்கிறவருக்குத் தெரியாதா? படிக்கும்போதே மனசு கொதித்தது தம்பி.

சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்கு மட்டும் வாங்கிய மெஷின் என்றால் நீங்கள் நுகர்வோர்தான், சட்டமே அப்படி விளக்கம் தருகிறது. நூறு ஆள் வேலை செய்யும் எஸ்டேட் என்றால் கதை வேறு, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது பங்குதாரர் விஷயம். 1932 பங்குதாரர் சட்டப்படி, நீங்கள் வாங்கிய நாளில் யார் யார் பங்குதாரரோ அவர்கள் எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. விலகிவிட்டதால் மட்டும் ஒருவர் தப்பிக்க முடியாது. புதிதாக வந்தவர் பழைய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பில்லை என்பது உண்மைதான், ஆனால் நிறுவனம் பொறுப்பு. எனவே நோட்டீஸில் நிறுவனத்தின் பெயரையும் பழைய பங்குதாரர்கள் எல்லாரின் பெயரையும் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "இனி புது நிறுவனத்தையே பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் விலகியவரை நீங்களே விடுவித்தது போல் ஆகிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் பல்பர் வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த ரசீதையும் வைத்திருங்கள், நஷ்டஈடு கேட்கும்போது உதவும்.

வாஷிங் மெஷின் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். என் வாரண்டி போச்சா? (ஓமலூர்)

போகவில்லை. பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால் கம்பெனி அதேதான். இணைப்பு நடந்திருந்தால் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த திட்டப்படி பழைய கம்பெனியின் பொறுப்புகளும் புதியதற்குப் போய்விடும்.

சோலார் ஹீட்டர் கம்பெனி திவால் நடவடிக்கையில் இருக்கிறது. காத்திருக்கட்டுமா சார்? (ஆத்தூர்)

காத்திருக்காதீர்கள். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். அந்த நேரத்தில் கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது, தடை இருக்கும். அதற்காக நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் குறித்த தேதிக்குள் உங்கள் கோரிக்கையைப் பதிய வேண்டும். மீட்புத் திட்டம் அங்கீகாரம் ஆனபின், அதில் சேராத பழைய கோரிக்கைகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. பொருத்திக் கொடுத்த டீலர் தன் பங்குக்கு ஏதாவது வாரண்டி எழுதித் தந்தாரா என்றும் தேடுங்கள். தந்திருந்தால் அவர்மேல் தனியாகப் போகலாம்.

மனு எங்கே போடுவது, எவ்வளவு செலவாகும்?

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஏற்காடும் நம் மாவட்டம்தான், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வாருங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பாருங்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் மனு போடக் கெடு 2 வருஷம். நீங்கள் போன் செய்வதாலோ நோட்டீஸ் அனுப்புவதாலோ அது நீளாது. பழுது தெரிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம்.

பில்லில் எழுத்தே இல்லை அண்ணா, வெள்ளைத் தாளாகிவிட்டது. (செவ்வாய்ப்பேட்டை)

எனக்கும் ஆனது. கிரைண்டர் பில்லை பீரோவில் பத்திரமாக வைத்தேன், ஒரு கோடைக்குப்பின் எடுத்தால் வெறும் தாள். அந்தக் கடையும் அதற்குள் கைமாறியிருந்தது. கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் போன பதிவும் வாரண்டி அட்டையில் இருந்த சீரியல் எண்ணும்தான் கைகொடுத்தன. நீங்கள் ஜிபே-யில் கட்டியிருந்தால் அந்த நாளின் கணக்கு விவரத்தை வங்கியில் வாங்குங்கள். பணம் யார் பெயருக்குப் போனது என்பதும் அதில் தெரியும். நீங்கள் தேட வேண்டிய பெயரும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.