கைமாறுவதா விடுதலை?

கேள்வி: 'கிறிஸ்து உங்களை விடுதலையாக்கினார்' என்கிறார் எங்கள் போதகர். மறுநிமிடமே 'நாம் அவருடைய அடிமைகள்' என்கிறார். ஒரு கடையில் மீட்ட நகையை அடுத்த கடையில் அடகு வைப்பது போல இருக்கிறதே, இதுவா விடுதலை?
- வாசகர், குடியாத்தம்.

பதில்: உவமையை நன்றாகப் பிடித்தீர்கள். ஆனால் குடியாத்தத்துக்காரருக்கு அடகுக்கடை வரை போவானேன்? உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பீடி அட்வான்சைப் பற்றிக் கேளுங்கள். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ அப்பா வாங்கிய கடனுக்காகப் பிள்ளை மடியில் முறத்தோடு உட்கார்ந்து இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். அசல் அப்படியே நிற்கும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாது என்று ஆக்கியது. இனி எவரும் நோட்டைக் காட்டி அந்தப் பிள்ளையைக் கூப்பிட முடியாது.

விடுதலையாகி வீட்டுக்கு வந்த பிள்ளை, அம்மாவுக்காகத் தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துச் சுமந்து வருகிறது என்று வையுங்கள். முதலாளி வீட்டுக்கும் அதே குடத்தைத்தான் சுமந்தது. எடை குறைந்துவிடவில்லை, இடுப்பு வலிக்கத்தான் செய்யும். இதையும் கொத்தடிமை வேலை என்பீர்களா?

அப்போஸ்தலனாகிய பவுல் தன் நிருபங்களில் இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார். "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்" என்று கொரிந்தியருக்கு. சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டவர்களே, "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று கலாத்தியருக்கு. விலை கொடுத்தாகிவிட்டது, பாக்கி இல்லை. பாக்கி இல்லாதவன்தான் அன்புக்காக வேலை செய்ய முடியும். கடன்காரன் செய்வதெல்லாம் வட்டிக் கணக்கில் போய்விடும்.

உங்கள் எரிச்சலுக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வரியிலேயே பவுல் தன்னை 'டூலோஸ்' என்கிறார். கிரேக்கத்தில் அதற்கு அடிமை என்று பொருள். நம் தமிழ் வேதாகமம் அங்கே 'ஊழியக்காரன்' என்று போட்டது. அந்தச் சொல் இன்று என்ன கதியில் இருக்கிறது? சுவரொட்டியில் ஆளுயரப் படம், கூட்டத்துக்கு வந்தால் மாலை, சாப்பாட்டுக்குத் தனி அறை, பெட்டியைத் தூக்க ஒரு தம்பி. இவருக்குப் பெயர் ஊழியக்காரர்! பெட்டி தூக்கும் தம்பிக்குத்தான் நியாயமாக அந்தப் பட்டம் போக வேண்டும்.

வேலூரில் இருந்துகொண்டு இந்தக் குழப்பம் நமக்கு வரக் கூடாது. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குறிக்கோள் வாசகமே மனுஷகுமாரன் ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்ய வந்தார் என்ற வசனத்திலிருந்து எடுத்தது. அதே வசனத்தின் பின்பாதிதான், 'அநேகரை மீட்கும்பொருளாக' ஜீவனைக் கொடுத்தார் என்பது. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த முன்பாதி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் கதையைக் கேளுங்கள். உணர்ச்சியற்ற பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று உள்ளங்காலை விரல் விரலாகப் பார்க்கும் வேலை அது. இன்றைக்குச் செய்தால் நாளைக்கும் செய்ய வேண்டும். படம் எடுக்க ஆள் வராது.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, நம் சபைகளிலும் பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுகிறார்கள். ஒரு வருஷம் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீர், புதுத் துண்டால் ஓர் ஒற்றல், முடிந்தது.

உங்கள் சபையிலும் அடுத்த பெரிய வியாழனன்று ஆராதனை முடிந்ததும் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது யார் என்று எனக்கு எழுதுங்கள்.