மகளின் மேடைக்கு ஒரு கேமரா: புதுசு இஎம்ஐயிலா, பழசு ரொக்கத்திலா?

கேள்வி: கும்பகோணத்தில் தனியார் பள்ளி ஆசிரியை நான். கணவர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். வீட்டுச் செலவு மாதம் 34,000 ஆகிறது, அதுபோக 7,000 மிச்சம் பிடிக்கிறோம். வங்கியில் 1,10,000 இருக்கிறது. மகளுக்கு 10 வயது, பரதம் கற்கிறாள். வருடத்துக்கு நாலைந்து மேடை வருகிறது, வரும் சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் குழுவோடு ஆடப் போகிறாள். போனில் ஜூம் பண்ணி எடுத்தால் முகமே கரைந்து போகிறது. மூன்று கேமரா பார்த்து வைத்திருக்கிறோம். 40 மடங்கு ஜூம் உள்ள கேனான் எஸ்எக்ஸ்740 புதுசு 36,000. கணவரின் நண்பர் வைத்திருக்கும் பழைய கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2-க்கு அவர் சொல்வது 38,000. சோனி இசட்வி-1 புதுசு 70,000, அதற்கு 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு. பிற்பாடு யூடியூப் பக்கம் போகலாமா என்றும் ஒரு எண்ணம். எதை வாங்கலாம்?

பதில்: நண்பரின் ஜி7 எக்ஸை வாங்குங்கள். ஆனால் 38,000 முழுவதையும் வங்கியிலிருந்து ஒரேயடியாக எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கேமரா, ஏனென்றால் தப்பான கேமராவை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அந்தப் பணம் போனது போனதுதான். நீங்கள் சொன்ன மூன்றுமே 20 மெகாபிக்சல் கேமராக்கள், அதனால் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். வித்தியாசம் உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சாரில் இருக்கிறது. எஸ்எக்ஸ்740-இல் இருப்பது சுமார் 28 சதுர மில்லிமீட்டர் சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மற்ற இரண்டிலும் இருப்பது ஒரு இன்ச் சென்சார் என்று சொல்லப்படுவது, அது சுமார் 116 சதுர மில்லிமீட்டர், அதாவது நாலு மடங்கு. கோயில் மேடையில் ராத்திரி எட்டு மணிக்கு மஞ்சள் விளக்கில் ஆடும் குழந்தையைப் படம் எடுக்க இந்த நாலு மடங்கு பரப்பு அவசியம். போதாததற்கு எஸ்எக்ஸ்740-இன் ஜூமை முழுக்க இழுத்தால் லென்ஸின் திறப்பு எஃப் 6.9-க்குச் சுருங்கிவிடும் (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சின்னது). ஜி7 எக்ஸ் தன் கடைசி ஜூமிலும் எஃப் 2.8-இல் நிற்கும். கணக்குப் போட்டால் ஆறு மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வருகிறது. 40 மடங்கு ஜூம் என்பது பகல் வெயிலில் கோபுரத்துப் பொம்மையை எடுக்க அருமையான விஷயம், உங்கள் வேலைக்கு அது ஆகாது. "பழசுக்கு எதற்குப் புதுசை விட 2,000 அதிகம்" என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் இதுதான்.

சரி, சோனி? நல்ல கேமரா, அதில் சந்தேகமே இல்லை. ஓடியாடும் ஆளை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ் அதில் ஜி7 எக்ஸை விட மேல், 4கே வீடியோ உண்டு, வெளி மைக் செருகலாம். ஜி7 எக்ஸ் மார்க் 2-இல் 4கே-யும் கிடையாது, மைக் செருகும் இடமும் கிடையாது. ஆனால் சோனியின் ஜூம் 70 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது, ஜி7 எக்ஸ் 100 மி.மீ. வரை போகும் (இந்த எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). நாலாவது வரிசை நாற்காலியிலிருந்து எடுக்கும்போது மகள் படத்தில் 1.4 மடங்கு பெரிதாகத் தெரிவாள். யூடியூப் இன்னும் எண்ணமாகத்தான் இருக்கிறது, மேடை வருடத்துக்கு நாலைந்து தடவை நிச்சயமாக வருகிறது. நிச்சயமாக நடக்கப்போவதற்குச் செலவு பண்ணுங்கள். சேனல் ஆரம்பித்தால் முதல் பத்து வீடியோவை வீட்டில் இருக்கும் போனிலேயே எடுங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அப்போது பேசலாம்.

இனி இந்த நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அதே தொகையை வங்கி உங்களிடம் வட்டியாக வாங்கிக்கொள்கிறது. 70,000 ரூபாய், 12 மாதம், வருட வட்டி 15 சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை 5,833. அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டி மொத்தம் சுமார் 5,370. இந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 967 ரூபாய், அது உங்கள் தலையில்தான் விழும், கூடவே பிராசஸிங் கட்டணம் சில நூறு. அப்புறம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கடைக்காரர் குறைத்திருக்கக்கூடிய இரண்டாயிரமோ மூவாயிரமோ, அதுவும் போச்சு. இவ்வளவுதானே என்று தோன்றலாம். எனக்குக் கவலை அதில் இல்லை. மாதம் 7,000 மிச்சம் பிடிக்கிற வீட்டில் 5,833 ஒரு வருடத்துக்குக் கட்டுப்பட்டுப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடை வியாபாரம் படுத்துக்கொண்டால், தவணை ஏறும் கிரெடிட் கார்டு பில்லை ஒரு மாதம் முழுக்கக் கட்ட முடியாமல் போனால், நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓட ஆரம்பிக்கும். கார்டில் மாட்டி என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேருக்கு ஆரம்பம் இப்படி ஒரு சின்னத் தவணைதான்.

கேமராவின் உண்மையான செலவு வாங்கும் விலை கிடையாது, வாங்கிய விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்தால் வருவது. என் மதிப்பீட்டில் நாலு வருடம் கழித்து அந்தச் சோனி 30,000-க்குப் போகலாம், அப்படியானால் வருடத்துக்கு 10,000 தேய்கிறது. எஸ்எக்ஸ்740-க்கு 12,000 கிடைத்தால் வருடம் 6,000. ஜி7 எக்ஸ் 22,000-க்குப் போனால் வருடம் 4,000 மட்டும். பழசுக்கு இவ்வளவு மதிப்பா என்றால், ஆமாம். 2010-இல் உலகத்தில் இந்த மாதிரி லென்ஸ் கழற்ற முடியாத காம்பாக்ட் கேமரா வருடத்துக்கு 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டது, போன் வந்து அடித்த அடியில் 2023-இல் அது 20 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. கம்பெனிகள் மாடல்களைக் குறைத்துக்கொண்டன. இப்போது இளைஞர்கள் திரும்ப இதைத் தேடி வர, நல்ல சென்சார் உள்ள பழைய கேமராக்களின் விலை இறங்காமல் நிற்கிறது. இது எப்போதும் நீடிக்கும் என்று நினைத்து முதலீடாகப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

பணம் எங்கிருந்து? உங்கள் 1,10,000 மூன்று மாதச் செலவுக்குச் சற்று மேல்தான் வரும். ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்கிறவன் நான், அதிலும் ஒருவர் வருமானம் வியாபாரத்தில் என்றால் விடவே மாட்டேன். அதனால் அங்கிருந்து 20,000-க்கு மேல் தொடாதீர்கள். மீதி 18,000-ஐ மாதம் 6,000 வீதம் மூன்று தவணையில் தருகிறோம் என்று நண்பரிடம் கேளுங்கள், தெரிந்தவர்தானே, வட்டி கேட்கமாட்டார். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வருடம் நாட்டியாஞ்சலிக்கு ஒரு கேமராவை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் சேர்த்து வைத்து அப்புறம் வாங்குங்கள். கேமரா முடிந்ததும் அந்த 6,000-ஐ வேறு எதற்கும் திருப்பாமல், எடுத்த 20,000-ஐ முதலில் நிரப்புங்கள்.

வாங்கும் முன் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். ஆன் பண்ணும்போது லென்ஸ் கரகரவென்று சத்தம் போடாமல் வெளியே வர வேண்டும். திறப்பை எஃப் 11-இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. இந்த வகையில் லென்ஸைக் கழற்ற முடியாது, பிரித்துத்தான் துடைக்க வேண்டும். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் டெல்டா ஈரத்தில் அது சகஜம். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். 2017-இல் வேளாங்கண்ணியில் என் கேமராவின் லென்ஸ் இடுக்கில் மணல் புகுந்து, நீட்டிய லென்ஸ் நீட்டியபடியே நின்றுவிட்டது. ரிப்பேருக்கு 11,000 கேட்டார்கள், 16,000-க்கு வாங்கிய கேமரா அது.

இன்னொன்று. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேமராவை ஒரு நாள் கடனாகக் கேட்டு மகளின் வகுப்புக்குக் கொண்டு போங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஜதி ஓடும்போது எடுத்தால் விரல்கள் கோடாகத்தான் வரும். ஜதியை முடித்து வைக்கும் தீர்மானம் முடிந்து கை நீட்டி அப்படியே நிற்பாள் இல்லையா, அந்த அரை நொடியில் அமுக்குங்கள். பத்துப் படத்தில் நாலு படத்திலாவது விரல் நுனி தெளிவாக வந்தால் அன்று சாயங்காலமே 20,000-ஐக் கொடுத்துவிடலாம்.