அந்த லோன் வேணாம்க்கா, பையன் நோட்ட ஒருதரம் பாருங்க

அக்கா, போன வாரம் நீங்க கண்ண துடைச்சுக்கிட்டே பேசினது இன்னும் மனசுல ஓடிட்டு இருக்கு. ஹெச்எஸ்சி ரிசல்ட் வந்ததுல இருந்து மாமா, சித்தப்பான்னு ஆளாளுக்கு மெடிசின் மெடிசின்னு சொல்றாங்க, கோவிலுக்கு போனா அங்கயும் அதே கேள்வி, இங்க மொரிஷியஸ்ல இருக்கிற ரோஸ் ஹில் வீட்ட பேங்க்ல வச்சாவது வெளிநாட்டுக்கு அனுப்பிடலாமான்னு கேட்டீங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்னு அன்னைக்கு சொல்லி அனுப்பினேன். தப்பு, அப்படி சொல்லியிருக்கக் கூடாது. அந்த லோன் வேணாம்.

அஞ்சாறு வருஷம் ஃபீஸ், தங்குற செலவு, திரும்பி வந்தா ட்ரெய்னிங், அதுக்கப்புறம்தான் டாக்டரா முழு சம்பளம். வட்டி கட்டப்போறது மாமா இல்ல, நீங்களும் அண்ணனும்தான். அதுவும் கெமிஸ்ட்ரி டியூஷன் நாள்ல மட்டும் வயித்து வலின்னு படுத்துக்கிற பையனுக்காக. அக்கவுன்டன்சி, லா எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வழி, அத நான் சொல்ல வேண்டியதில்ல.

நீங்க வெளிய போன்ல பேசிட்டு இருந்தப்ப அவன் எனக்கு ஒரு நோட்டு காட்டினான். காவடிக்கு பேர் குடுக்கிறதுக்கு கோவில் பசங்களுக்காக அவனே சிம்ஃபொனில, அதாவது வெப்சைட் கட்டறதுக்கு ரெடிமேடா கிடைக்கிற ஒரு ஃப்ரேம்வொர்க்ல, ஒரு பக்கம் செஞ்சிருக்கான், மூணு பேருக்கு மட்டும் பேர் பதிவாகாம எரர் வந்திருக்கு. எத்தன மணிக்கு, எந்த போன்ல, எந்த பட்டன அமுக்கினாங்க, என்ன எழுதியிருந்துச்சுன்னு மூணு பேர்கிட்டயும் கேட்டு வரிசையா எழுதி வச்சிருக்கான். கடைசில பார்த்தா மூணு பேரும் பிறந்த தேதிய காலியா விட்டவங்க. இப்படி எரர துருவிக் கண்டுபிடிக்கிறதே ஒரு வேலை அக்கா, இதுக்குன்னு ஆள் தேடுறாங்க.

ஒரு வெப் அப்ளிகேஷன்ல எரர் வர்றத யாராலயும் முழுசா நிறுத்த முடியாது, வந்தா என்ன ஆகுதுங்கறதுதான் விஷயம். ஃப்ரேம்வொர்க்ல டெவலப்மென்ட் மோட்ல, அதாவது கோட் எழுதிட்டு இருக்கறப்ப, எந்த ஃபைல், எந்த லைன்னு தப்பு வந்த வழிய காட்டற முழு ஸ்டாக் ட்ரேஸும் ஸ்க்ரீன்லயே வரும், எழுதறவனுக்கு அது வேணும். அதே ஸ்க்ரீன் ப்ரொடக்ஷன்ல, எல்லாரும் உபயோகிக்கிற சைட்ல, வெளி ஆள் கண்ணுல பட்டா டேட்டாபேஸ் விவரம் வரைக்கும் கசிஞ்சிடலாம், அதனால அவருக்கு ஒரு எளிமையான பக்கம் மட்டும், முழு கதையும் நடந்தத எழுதி வைக்கிற லாக்குக்கு. அப்புறம் சர்வர் அனுப்பற ஸ்டேட்டஸ் நம்பர்ல 404 வேற 500 வேற. முகவரி தப்பா அடிச்சவருக்கு வர்றது 404, அதுக்கு ராத்திரி யாரையும் எழுப்ப வேணாம், 500 வந்தா தப்பு நம்ம பக்கம். சில பேர் "மன்னிக்கவும்"னு அழகா ஒரு பக்கம் போட்டுட்டு ஸ்டேட்டஸ 200ன்னு, அதாவது எல்லாம் ஓகேன்னு, அனுப்பிடுவாங்க, கண்காணிக்கிற மெஷின் எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடும். இதவிட மோசம் ப்ரோக்ராம் தப்புன்னு கிளப்பற எக்ஸப்ஷன பிடிச்சுட்டு லாக்ல ஒண்ணும் எழுதாம விட்டுடறது, வீட்டுக்குள்ள புகைஞ்சிட்டு இருக்கறப்ப ஜன்னல மூடிக்கிற மாதிரி.

சிம்ஃபொனி கூட வர்ற, லாக் எழுதற மோனோலாக்ல ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்னு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. யூசர் ஒரு தடவ பக்கத்த கேட்டா அது ஒரு ரிக்வெஸ்ட், அதுல நடந்த சின்னச் சின்ன குறிப்பெல்லாம் கையிலயே வச்சிருக்கும், எரர் வராட்டி விட்டுடும், வந்தா மொத்தத்தையும் எழுதிடும், அதனால தப்புக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியும். ஒரே தப்பு ஆயிரம் தடவ வந்தா ஆயிரம் மெயில் அனுப்பாம ஒண்ணா சேர்த்து சரி பண்ண வேண்டிய ஒரே டிக்கெட்டா போடறது, எந்த எரர்னு யூசர் சொல்றதுக்கு ஒரு நம்பர் குடுக்கறது, இதையெல்லாம் யோசிச்சு செய்யறதுக்கு பொறுமை வேணும். உங்க பையன்கிட்ட அது இருக்கு.

நம்ம ஊருக்கு இது இன்னும் பொருந்தும். சிம்ஃபொனியே 2005ல பிரான்ஸ்ல இருந்து வந்தது, ஐடி ஆபீஸ் எல்லாம் இருக்கிற எபென்ல நிறைய கம்பெனி பிரெஞ்சு கஸ்டமருக்குத்தான் வேலை பாக்குது. நம்ம நேரம் அவங்களுக்கு கோடைல 2 மணி, குளிர்காலத்துல 3 மணி முன்னாடி, அவங்க ஆபீஸ் திறக்கறதுக்குள்ள ராத்திரி விழுந்த எரர இவன் படிச்சு முடிச்சிருப்பான். கம்ப்ளெயின்ட் பிரெஞ்சுல வரும், லாக் இங்கிலீஷ்ல இருக்கும், ரெண்டும் இவனுக்கு ஸ்கூல்லயே பழக்கம்.

செலவையும் சொல்லிடறேன். 2019ல இருந்து இங்க அரசு பல்கலைக்கழகத்துல முதல் டிகிரிக்கு ட்யூஷன் ஃபீஸ் இல்ல, பல்கலைக்கழகம் இருக்கிற ரெடுவிக்கு வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம். சித்தப்பா கேட்டா கம்ப்யூட்டர் படிக்கிறான்னு சொல்லுங்க, அதுக்கு மேல அவருக்கு விளக்கம் குடுக்க வேணாம். மூணு வருஷம் கழிச்சும் மெடிசின்தான் வேணும்னு அவன் வாயாலயே சொன்னா அப்ப பேசிக்கலாம், இப்ப அவன் அப்படி சொல்லவே இல்ல, நீங்களும் கேட்கல.

பேங்க் பேப்பர்ல அண்ணன கையெழுத்து போட விடாதீங்க. சனிக்கிழமை பையன கூட்டிட்டு வாங்க, அந்த நோட்டையும் எடுத்துட்டு வர சொல்லுங்க.